தழும்புகள் திறக்கும் வார்டு

உடம்பில் ஒரு தழும்புகூட இல்லாத மனிதரை நான் இதுவரை பார்த்ததில்லை. தழும்பைத் தேடுவதுதான் என் வேலை. உச்சந்தலையில் தொடங்கி உள்ளங்கால் வரை, கைவிளக்கை வைத்துக்கொண்டு, ஒரு விரற்கடை விடாமல் பார்த்து எழுதுவேன். எங்கே இருக்கிறது, எவ்வளவு நீளம், எந்த வயதில் வந்தது, எதனால் வந்தது. எழுதி முடித்ததும் நோயாளியின் வீட்டார் முன்னிலையில் அதை உரக்க வாசிக்க வேண்டும். நோயாளி மறந்துபோனதை அண்ணனோ அத்தையோ எடுத்துக் கொடுப்பார்கள் என்பதற்காக வைத்த விதி. கடைசியில் வீட்டாரில் ஒருவர் கையெழுத்துப் போடுவார்.

பாளையங்கோட்டையில் எங்கள் மருத்துவமனையின் மூன்றாம் மாடி முழுவதும் கணையப் புற்றுநோய்க்காரர்கள். ஜெபக்கனி அம்மா அங்கே வந்தபோது அவர்களுக்கு வயது ஐம்பத்தெட்டு. கூட வந்தவர்கள் இரண்டு பேர். கணவர் பால்துரை, ஓய்வு பெற்ற தபால் அதிகாரி, தங்கள் சபையில் மூப்பர். மகள் மெர்சிலின், கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறவள்.

டாக்டர் உமையொருபாகம் எந்த நோயாளியிடமும் சுற்றிவளைத்துச் சொல்ல மாட்டார். கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து ஜெபக்கனி அம்மாவிடமே பேசினார்.

"கணையத்துல வாற கட்டி மத்த கட்டி மாதிரி இல்லம்மா. தன்னைச் சுத்திக் கோட்டைச் சுவர் கட்டிக்கிடும். நாம ஏத்துத மருந்து அதுல முட்டி வெளியவே நின்னுரும்."

"எதை வச்சுக் கட்டுது?" என்று கேட்டார்கள் ஜெபக்கனி அம்மா.

"எல்லாம் நம்ம உடம்புல உள்ள சரக்குதான். செல்லுக்கும் செல்லுக்கும் நடுவுல காரை மாதிரி சில புரதம் இருக்கு. கொலாஜன்னு ஒண்ணு, பைப்ரோனெக்டின்னு ஒண்ணு. அதுதான் நம்மளச் சேத்துப் பிடிச்சு வச்சிருக்கு. இந்தக் கட்டி என்ன செய்யுதுன்னா, பக்கத்துல உள்ள நல்ல செல்லை ஏமாத்தி, அந்தக் காரையை அள்ளி அள்ளிப் பூச வைக்குது."

"நம்ம ஆளையே கொத்தனாரா வச்சிருக்குன்னு சொல்லுங்க."

டாக்டர் சிரித்துவிட்டார். "அதேதான். இந்தப் புது மருந்து அந்தச் சுவரைக் கரைச்சிரும். கரைஞ்ச வழியா கீமோ உள்ள போவும். ஆனா ஒரு சங்கடம் இருக்கு. காயம் ஆறுனா தழும்பு விழுதுல்லா, அதுவும் இதே மாதிரி அவசரத்துல பூசின காரைதான். மருந்துக்கு ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாது."

"அப்போ பழைய காயமெல்லாம்?"

"திறக்கும்."

அந்த மருந்து வந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. நாற்பத்திரண்டு நாள் ஏற்ற வேண்டும். இரண்டாம் வாரத்தில் வார்டு வேறு மாதிரி ஆகிவிடும். பால்யத்தில் அம்மை குத்தின இடம் எல்லார் கையிலும் கசிய ஆரம்பிக்கும். எழுபது வயது மனிதர் ஏழு வயதில் சைக்கிளிலிருந்து விழுந்த முழங்காலோடு முனகிக்கொண்டு கிடப்பார். தெரிந்த தழும்புகளின் மேல் முன்கூட்டியே மெல்லிய சவ்வு ஒட்டிவிடுவோம்; காயம் திறப்பதை அது தடுக்காது, இரத்தம் பீறிடாமல் பிடித்து வைக்கும். உள்ளே இருப்பவற்றுக்கும் குழாய் வழியாகப் போய் ஒட்டலாம். ஆனால் எல்லாம் மருந்து தொடங்கும் முன்பே. தொடங்கிய பிறகு உடம்பில் எந்த வெட்டும் ஆறாது. ஸ்கேனில் தெரியாதா என்று கேட்பார்கள். என்றோ கிழிந்து தானே ஒட்டிக்கொண்டது நூல் மாதிரி இருக்கும். எங்கே தேடுவது என்று தெரிந்தவருக்குத்தான் அது கண்ணில் படும். முதல் வருடத்தில் மூன்று பேர் பதிவேட்டில் இல்லாத தழும்பால் போனார்கள்.

ஜெபக்கனி அம்மாவுக்குப் பத்தொன்பது தழும்புகள். ஒவ்வொன்றையும் நான் வாசிக்க, அவர்கள் காரணம் சொன்னார்கள். குளியலறையில் வழுக்கியது. படியில் வழுக்கியது. மழைநாளில் முற்றத்தில் வழுக்கியது. எங்கள் பக்கத்துப் பெண்கள் இவ்வளவு வழுக்கி விழுவார்கள் என்பது இந்த வேலைக்கு வந்த பிறகுதான் எனக்குத் தெரியும். நானும் அப்படியே எழுதிக்கொள்வேன். டாக்டருக்கு வேண்டியது இடமும் ஆழமும்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன்.

"உள்ள ஏதாவது உண்டாம்மா? எலும்பு முறிஞ்சது, உறுப்பு கிழிஞ்சது?"

பால்துரை ஐயா தன் முழங்கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்புட்டுதான் சிஸ்டர்" என்றார்கள் அம்மா.

அப்போது நான், ஐயா, நீங்கள் சற்று வெளியே இருங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. வீட்டார் முன்னிலையில் என்று விதி இருந்தது. நான் விதியைக் காத்தேன். ஐயா கையெழுத்துப் போட்டார். மருந்து தொடங்கியது.

பன்னிரண்டாம் நாள் இடது புருவத்துக்கு மேலிருந்த கோடு சிவந்து, மறுநாள் திறந்துகொண்டது. பிறகு முழங்கை. பிறகு தோள். ஐயா எங்களைத் தொட விடவில்லை. வெந்நீர் கொண்டுவந்து, பஞ்சைப் பிழிந்து, தாமே துடைத்துக் கட்டுப் போட்டார். அவர் நல்ல மனிதர். இதை நான் சும்மா சொல்லவில்லை. துணைக்கு ஆளில்லாத கட்டில்களுக்கெல்லாம் கஞ்சி வாங்கிக் கொடுப்பார். பயந்து அழுகிறவர்களின் பக்கத்தில் உட்கார்ந்து ஜெபம் செய்வார். மெர்சிலினுக்கு அப்பாவைப் பற்றிப் பெருமை தாங்கவில்லை. அப்பா எறும்பைக்கூட மிதிக்க மாட்டாவ என்று அவள் என்னிடம் ஒருநாள் சொன்னபோது அவர் வெந்நீர் இன்னும் ஆறாத கிண்ணத்தை எடுத்துக்கொண்டு தண்ணீர் மாற்றப் போனார்.

பதினைந்தாம் நாள் காலையில் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"உள்ள இருக்கதும் திறக்குமா சிஸ்டர்?"

"எழுதினதுக்கெல்லாம் சவ்வு ஒட்டியாச்சு ஐயா. பயப்படாதீங்க."

"எழுதாதது?"

நான் பேனாவைக் கீழே வைத்தேன்.

"அந்தப் பத்தொம்பதுல பதினொண்ணு என் கை" என்றார். "ஒவ்வொண்ணாத் துடைச்சுப் பாத்துட்டேன். எல்லாம் எனக்கு ஞாவகம் இருக்கு. இன்னும் ஒண்ணு உள்ள இருக்கு. அதை அவ சொல்லல."

நின்றபடியே சொன்னார். கல்யாணமாகி ஒன்பது வருடம் குடி. ஒருநாள் மனைவியைத் தரையில் தள்ளி இடது விலாவுக்குக் கீழே மிதித்திருக்கிறார். மண்ணீரல் கிழிந்து நாகர்கோவிலில் ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். துவைகல்லில் விழுந்தேன் என்று அந்த டாக்டரிடம் சொன்னார்கள். மெர்சிலின் அப்போது கைக்குழந்தை. அதே வருடம் ஐயா ஒரு ஜெபக்கூட்டத்தில் அழுது மனந்திரும்பி, அதன்பின் இருபத்தெட்டு வருடமாக ஒரு சொட்டுத் தொட்டதில்லை, ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை. ஆண்டவரிடம் ஆயிரம் தடவை மன்னிப்புக் கேட்டுவிட்டதாகச் சொன்னார். அம்மாவிடம் கேட்டீர்களா என்றேன். தோளில் கிடந்த துண்டை எடுத்து மடித்து மறுபடி போட்டுக்கொண்டார்.

மண்ணீரல் திறந்தால் உயிர் ஒரு மணி நேரம்கூடத் தாங்காது. டாக்டரிடம் ஓடுவதற்கு முன் அம்மாவிடம் போனேன். மெர்சிலின் அப்போது மருந்து வாங்கக் கீழே போயிருந்தாள். அவர் மானத்தைக் காப்பாற்ற உங்கள் உயிரை வைத்தீர்களா என்று, கொஞ்சம் கோபமாகவே, கேட்டுவிட்டேன்.

ஜெபக்கனி அம்மா என்னை இரக்கத்தோடு பார்த்தார்கள்.

"அவுக மானத்துக்குன்னா நெனச்சீய? மருந்தைப் பத்தி நீங்க குடுத்த புஸ்தகத்துல நாலாம் பக்கம் என்ன போட்டிருக்கு? மண்ணீரல் ஒருக்கக் கிழிஞ்சவங்களுக்கு இந்த மருந்து கிடையாதுன்னு போட்டிருக்கு. மூணு தடவ வாசிச்சேன் சிஸ்டர். சொல்லியிருந்தா வீட்டுக்கு அனுப்பியிருப்பீய. மூணு மாசத்துல செத்திருப்பேன்." மூச்சு வாங்கிக்கொண்டார்கள். "எனக்கு வாழணும். நீங்க எழுதாதீங்க."

எத்தனையோ பேர் அந்தக் கட்டிலில் கிடந்து என் கையைப் பிடித்திருக்கிறார்கள். அன்று ஜெபக்கனி அம்மா பிடித்த பிடி மாதிரி ஒரு பிடியை நான் அறிந்ததில்லை. எழுதினால் மருந்து நிற்கும். எழுதாவிட்டால் காயம் திறக்கும்போது யாருக்கும் தெரியாது. கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, ஆண்டவரே, எனக்கு ஒன்றும் விளங்கவில்லை என்று மட்டும் சொன்னேன். பிறகு டாக்டரிடம் போய்ச் சொன்னேன்.

அவர் கோப்பைப் புரட்டி மருந்து ஏறின நாட்களை எண்ணினார். பிறகு கட்டிலுக்கு வந்து அம்மாவிடமே சொன்னார். இன்றைக்கு நிறுத்தினாலும் ஏறின மருந்து இறங்க ஒன்பது நாள் ஆகும். அதற்குள் மண்ணீரல் திறப்பதானால் திறக்கும். நடுவில் நிறுத்தினால் கட்டி தன் சுவரை முன்னைவிடக் கெட்டியாகக் கட்டிக்கொள்ளும், மறுபடி கரையாது. ஆகவே மருந்து தொடரட்டும், முடிந்தவரை. திறந்தால் தொடை மடிப்பு வழியாகக் குழாய் விட்டு மண்ணீரலுக்குப் போகிற இரத்தக்குழாயை அடைக்கலாம். இப்போதே அடைக்கலாமே என்றேன். குழாய் நுழைந்த ஓட்டை இந்த மருந்தில் மூடாது, அதனால் வேறு வழியில்லை என்றால்தான் என்றார்.

"எப்பத் திறக்குதுன்னு உடனே தெரியணும். மெஷின் காட்டுறதுக்குள்ள பத்து நிமிசம் போயிரும். வயிறு கல்லா இறுகும், அது கைக்குத்தான் முதல்ல தெரியும். யாராவது ஒருத்தர் கை எந்நேரமும் இந்த இடத்துல இருக்கணும்."

பதிவேட்டைத் திருத்தினால் மறுபடி வீட்டார் முன்னிலையில் வாசிக்க வேண்டும். மெர்சிலினை உட்கார வைத்தேன். நான் வாசிக்கத் தொடங்கும் முன் ஐயா பதிவேட்டுக்காகக் கையை நீட்டினார். நான் அம்மாவைப் பார்த்தேன்.

"வாசிக்கட்டும்" என்றார்கள்.

"நாலு. இடது புருவம். வழுக்கி விழுந்ததுன்னு இருக்கு. இல்ல. நான் சொம்பை விட்டெறிஞ்சது." குரல் உடையவில்லை, தந்தி வாசிப்பதுபோல வாசித்தார். "ஏழு. வலது முழங்கை. படின்னு இருக்கு. இல்ல. நான் தள்ளிவிட்டது." அப்படியே பதினொன்றையும் வாசித்தார். கடைசியில், "இருபது. மண்ணீரல். நான் மிதிச்சது" என்று சொல்லிப் பதிவேட்டை மூடாமலே என்னிடம் தந்தார்.

மெர்சிலின் அழுவாள் என்று நினைத்தேன். அவள் எழுந்து, அப்பாவின் தோளில் கிடந்த ஈரத்துண்டை எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டாள். "தள்ளுங்கப்பா" என்றாள். அம்மாவின் இடப்பக்கம் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து விலாவுக்குக் கீழே உள்ளங்கையை வைத்தாள்.

ஐயா முறை மாற்றிக்கொள்ள வந்தபோது ஜெபக்கனி அம்மா கண்ணைத் திறக்காமலே என்னிடம் சொன்னார்கள், "மத்ததெல்லாம் செய்யட்டும் சிஸ்டர். இந்த இடத்துல அவுக கை வேண்டாம்."

அவர் தலையை ஆட்டிவிட்டு வெளித் தாழ்வாரத்துப் பெஞ்சில் போய் உட்கார்ந்தார். அன்றுமுதல் அதுதான் அவர் இடம். மன்னித்துவிடுங்கள் அம்மா என்று சொல்ல என் நாக்கு நுனிவரை வந்தது. சொல்லவில்லை. மன்னிப்பு அவர்களுடையது, கேட்டு வாங்கித்தர நான் யார்?

மெர்சிலினும் நாங்கள் ஆறு நர்சுகளும் முறை போட்டுக்கொண்டோம். இருபத்துநான்காம் நாள் நடுப்பகலில் நான் கை வைத்திருந்தேன். மெர்சிலின் குளிக்கப் போயிருந்தாள். எதிர்க் கட்டில்காரருக்கு வலிப்பு வந்து அவர் மருமகள் கூப்பிட்டாள். இரண்டு நிமிடம்தான் என்று எழுந்தேன்.

திரும்பிப் பார்த்தபோது ஐயா கட்டிலருகே நின்றுகொண்டிருந்தார். அம்மாவின் முகம் வேர்த்திருந்தது. அவர் கை விலாவுக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் அப்படியே நின்றது. தொடவில்லை.

"கை வைக்கட்டுமா?" என்று கேட்டார்.

அம்மா அவரையே பார்த்தார்கள். எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது.

"ம்" என்றார்கள்.

சுடுகல்லில் வைப்பதுபோல வைத்தார். உடனே தலையைத் திருப்பி, "சிஸ்டர், கல்லா இருக்கு" என்றார்.

பன்னிரண்டு நிமிடத்தில் மண்ணீரலின் இரத்தக்குழாயை அடைத்துவிட்டார் டாக்டர். உயிர் நின்றது. மருந்து அன்றோடு நின்றது. ஆனால் அவர் சொன்னபடி தொடை மடிப்பில் ஓர் ஓட்டை இருந்தது. பட்டாணி அளவுகூட இல்லை. அழுத்திப் பிடித்தால் இரத்தம் நிற்கும், விட்டால் பீறிடும். கருவி வைத்து அழுத்தினால் தோல் பிய்ந்தது. விரலுக்குத்தான் எவ்வளவு அழுத்துவது என்று தெரிந்தது. மருந்து இறங்குகிற ஒன்பது நாளும் பிடிக்க வேண்டும். அரை மணிக்கு மேல் ஒருவரால் முடியாது; விரல் மரத்துவிடும்.

நான் சுவரில் ஒரு தாளை ஒட்டினேன். கேட்கவே வெட்கமாக இருந்தது, எல்லாரும் தத்தம் சாவோடு மல்லுக்கட்டுகிறவர்கள். மாலைக்குள் தாள் நிறைந்துவிட்டது. எதிர்க் கட்டில்காரரின் மருமகள் விடியற்காலை நேரம் முழுவதையும் கேட்டு வாங்கிக்கொண்டாள். வார்டு கூட்டுகிற செண்பகம் கையை மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்தாள். தன் அண்ணனைப் பறிகொடுத்து உடலை வாங்க வந்த ஒருவர், வண்டி வரும்வரை நான் பிடிக்கிறேனே என்று சொல்லி, கையுறை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். அவர் பெயரை நான் கேட்கக்கூட இல்லை. விரல் விலக, அந்த இடத்திலேயே அடுத்த விரல் வந்து அமர்ந்தது. வார்டு பார்வைக்கு வந்த டாக்டர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இப்போதைக்கு இவங்கதாம்மா ஒங்களுக்குக் கொலாஜன்" என்று சொல்லிப் போனார்.

முதல் நாள் மாலையே ஜெபக்கனி அம்மா என்னைக் கூப்பிட்டு, "அவுக பேரையும் எழுதுங்க. ரெண்டு நேரம் போதும்" என்றார்கள். காலை பத்துக்கு ஒன்று, மாலை நாலுக்கு ஒன்று. ஒவ்வொரு முறையும் கையுறையோடு வந்து நின்று, வைக்கட்டுமா என்று கேட்டுவிட்டுத்தான் வைத்தார். ஒவ்வொரு முறையும் அவர்கள் பதில் சொன்ன பிறகுதான். ஒருநாள் அவர்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அவர் என்னைத் தவிப்போடு பார்த்தார். முந்தைய முறைக்காரியையே இன்னும் கொஞ்சம் பிடிக்கச் சொன்னேன். அவர்கள் விழிக்கும்வரை காத்திருந்தார்.

ஒன்பதாம் நாள் விரலை எடுத்தோம். இரத்தம் வரவில்லை.

சுவர் பாதிதான் கரைந்திருந்தது. கட்டியும் பாதியாகியிருந்தது. உடம்பு தேறியதும் அறுத்து எடுக்கலாம், இரண்டு வருடம் என்று நான் சொல்வேன், அதற்கு மேல் கடவுள் சித்தம் என்றார் டாக்டர். ஜெபக்கனி அம்மா அதைக் கேட்டு, கல்யாணத் தேதி குறித்துக் கொடுத்ததுபோலத் தலையாட்டினார்கள்.

அதன்பின் நான், உள்ளே ஏதாவது உண்டா என்ற கடைசிக் கேள்வியைக் கேட்கும் முன் வீட்டார் எல்லாரையும் வெளியே அனுப்பிவிடுகிறேன். விதியை மாற்றச் சொல்லி எழுதியும் கொடுத்திருக்கிறேன். நாலாம் பக்கத்துக்குப் பயந்து நோயாளிகள் மறைக்கிறார்கள் என்றும் எழுதினேன். பதில் இன்னும் வரவில்லை.

அவர்கள் கிளம்பின நாளில் ஐயா விடியும் முன்னே வந்துவிட்டார். வீட்டைக் கழுவி, கட்டிலைக் கீழ் அறைக்கு இறக்கி, குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி போட்டிருப்பதாக என்னிடம் சொன்னார். சாமான்களைத் தூக்கிக்கொண்டு கீழே வந்தபோது வாசலில் மெர்சிலின் கோயம்புத்தூருக்குப் போக வண்டியை நிறுத்தியிருந்தாள்.

"நான் பிள்ளகூடப் போறேன்" என்றார்கள் ஜெபக்கனி அம்மா.

அவர் பையைக் கீழே வைத்தார். "எத்தன நாளைக்கு?"

"இருக்க நாளைக்கு."

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அவர் பையை மறுபடி எடுத்து வண்டியின் பின்பக்கம், அது சரியாமல் இருக்கும்படி, இரண்டு தடவை மாற்றி வைத்தார்.

"சாப்பாட்டுக்கு என்ன செய்வீய?" என்று கேட்டார்கள்.

"கஞ்சி வைப்பேன். துவையல்தான் அரைக்கத் தெரியாது."

"ரெண்டு மொளகா வத்தலு, ஒரு கீத்துத் தேங்கா, கொஞ்சம் புளி. வத்தல வறுத்துக்கிடணும். உப்பக் கடைசில போடுங்க."

அவர் வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். அம்மா வண்டியில் ஏறி உட்கார, நான் வயிற்றுக்கு அணைவாகத் தலையணையைச் சரிசெய்தேன். அவர் ஜன்னல் பக்கம் வந்து குனிந்தார்.

"நான் எப்பமாவது வந்து பாக்கலாமா?"

ஜெபக்கனி அம்மா யோசித்தார்கள். மெர்சிலின் வண்டியைக் கிளப்பாமல் காத்திருந்தாள்.

"கேட்டுட்டு வாங்க" என்றார்கள்.

அப்போதே கேட்பதுபோல அவர் வாய் திறந்தது. பிறகு மூடிக்கொண்டார். வண்டி வளைவில் திரும்பும்வரை நின்று பார்த்துவிட்டு, என்னிடம் திரும்பி, துணைக்கு ஆளில்லாத கட்டில் இன்றைக்கு எத்தனை இருக்கிறது என்று கேட்டார். நாலு என்றேன்.